பந்தயக் கார் கைக்கடிகாரம்: 9,000 வெள்ளியைப் போடலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக (மின்சாதனப் பொறுப்பாளர்) இருக்கிறேன், வயது 38. போனஸ், ஓவர்டைம் நிலுவை எல்லாம் சேர்த்து 9,000 வெள்ளி கையில் இருக்கிறது. பந்தயக் காரின் கார்பனை உருக்கிச் செய்த கைக்கடிகாரம் ஒன்று 11,500 வெள்ளிக்கு வருகிறதாம். உலகத்திலேயே 500 தானாம், ஐந்தே வருடத்தில் இரண்டு மடங்காகுமாம், தங்கத்தைவிட மேலாம். கோலாலம்பூரில் இருக்கும் மச்சான் சொல்கிறார். குறைகிற 2,500-ஐ கூட்டுப் பணத்தில் (சீட்டு) எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் 30 விழுக்காடு முன்பணம் கட்ட வேண்டும். மனைவி வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சேமிப்பு என்ற கணக்கில் வாங்காதீர்கள். ஆசைக்கு வாங்குவது வேறு பேச்சு, அதற்குப் பிறகு வருகிறோம்.

இப்படிக் கடிகாரங்கள் இருப்பது உண்மைதான். சுவிட்சர்லாந்தின் ஜிரார்-பெரகோ, 2021 பருவத்தில் ஓடிய ஆஸ்டன் மார்ட்டின் பார்முலா 1 கார்கள் இரண்டின் கார்பனைக் கலந்து 306 கடிகாரங்கள் செய்தது. ரோஜர் டுபுய், வென்ற பந்தயங்களில் ஓடிய பிரெல்லி டயர்களின் ரப்பரைக் கடிகார வாரில் பதித்தது. டென்மார்க்கின் ரெக் நிறுவனம் பழைய மினி, மஸ்டாங், போர்ஷே 911 கார்களின் உலோகத்தை முகப்புத் தட்டில் வைக்கிறது. அவை பெரும்பாலும் சாலையில் ஓடிய கார்கள், எல்லாமே பந்தயக் கார்கள் அல்ல. விற்பவர் இந்த வேறுபாட்டைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

அதோடு, கார்பன் இழைப் பாகத்தை உருக்க முடியாது. இழையைப் பிணைத்திருக்கும் எபாக்சி என்ற பிசின் ஒருமுறை இறுகிவிட்டால் மெழுகுபோல் மறுபடி இளகாது. பாகத்தை நறுக்கி, அரைத்து, புதுப் பிசினோடு அச்சில் அழுத்தித்தான் கடிகாரக் கூடு செய்வார்கள். 'உருக்கிய கார்பன்' என்று ஒருவர் விற்றால், அவருக்குத் தான் விற்கும் பொருளே தெரியவில்லை என்று அர்த்தம்.

இப்போது அந்த 500-க்கு வருவோம். 120 செண்டிமீட்டருக்கு 120 செண்டிமீட்டர் அளவுள்ள அலுமினிய கார் பானெட் (முன்மூடி) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகப்புத் தட்டுக்கு 4 செண்டிமீட்டருக்கு 4 செண்டிமீட்டர் சதுரம் போதும். தட்டையாக இருந்தால் 900 தட்டுகள். வளைவு, ஓட்டை, கீறல் என்று பாதியைக் கழித்தாலும் 450. வெட்டி முடித்த தட்டு ஒன்று, 30 மில்லிமீட்டர் விட்டமும் 0.4 மில்லிமீட்டர் கனமும் இருந்தால், ஒரு கிராம்கூட எடை வராது. கார்பன் கூடும் அப்படித்தான். ஒன்றுக்கு 20 கிராம் என்று வைத்தால் 10 கிலோ பழைய கார்பனில் 500 கூடுகள் எழும். புதுப் பிசினின் எடை அதில் சேரவில்லை. ஆக 500 என்பது பொருள் தீர்ந்துபோனதால் வந்த எண் அல்ல, விற்பனைப் பிரிவு உட்கார்ந்து முடிவு செய்த எண். அடுத்த வருடம் வேறு கார், வேறு நிறம், இன்னொரு 500 வெளிவரலாம்; தடுப்பார் யாருமில்லை. பழைய இரும்பு லோரிக்காரரிடம் போட்டால் சில காசுகூடத் தேறாத உலோகத்துக்கு நீங்கள் கொடுப்பது கதையின் விலை.

கதையின் விலை கதை சொல்பவர் இருக்கும் வரைதான். பிற்பாடு ஆர்ஜே என்று பெயர் மாறிய ரோமேன் ஜெரோம் நிறுவனம் 2007-இல் டைட்டானிக் கப்பலின் எஃகைக் கலந்து கடிகாரம் செய்து உலகமே பேசும்படி விற்றது. 2020-இல் அது திவாலானது. தயாரித்தவர் கடையைச் சாத்திவிட்டால் உதிரிப் பாகம் கிடைக்காது, சான்றிதழ் உண்மையா என்று கேட்கவும் ஆள் இருக்காது. பெரிய பெயர்களுக்கே உத்தரவாதம் இல்லை: 2022 தொடக்கத்தில் உச்சத்துக்குப் போன ரோலெக்ஸ், பட்டேக் மறுவிற்பனை விலைகள் அதன்பின் நன்றாகவே சறுக்கின.

ஐந்தாண்டில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 14.9 விழுக்காடு, கூட்டு வட்டியில். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 2023-க்கு 5.5, 2024-க்கு 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. உங்கள் 9,000-ஐ அங்கே சுய சந்தாவாகப் போட்டு 5.5 விழுக்காடே கிடைத்தாலும் ஐந்தாண்டில் ஏறக்குறைய 11,760. கடிகாரமோ, பெட்டியைத் திறந்த மறுநாளே இரண்டாங்கை. பிற்பாடு அதைக் கடையில் 60 விழுக்காட்டுக்கு எடுத்தார்கள் என்று வைத்தால் கைக்கு 6,900. நடுவில் ஒரு சர்வீஸ் செலவு வேறு.

தங்கத்தைவிட மேல் என்ற பேச்சைச் சோதிக்க ஊரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. அந்தக் கடிகாரத்தின் படத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அடகுக்கடையில் கேளுங்கள். தங்கச் சங்கிலி என்றால் நிறுத்துப் பார்த்து அஞ்சு நிமிடத்தில் தொகை சொல்வார்கள். ரோலெக்ஸை எடுக்கிற கடைகளும் உண்டு. இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்து மச்சானிடம் பேசுங்கள். இணையத்தில் பார்ப்பதென்றால் 'கேட்கும் விலை'யைப் பார்த்து ஏமாற வேண்டாம். விற்று முடிந்த விலையைப் பாருங்கள், அதே மாடல் எத்தனை மாதமாக விற்காமல் கிடக்கிறது என்றும் பாருங்கள்.

முன்பணம் 3,450 கட்டுவதற்கு முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள். எந்தக் கார்: பருவம், சேசிஸ் (அடிச்சட்ட) எண், எந்தப் பாகம்? பந்தயக் கார்களுக்குச் சாதாரணக் காரின் 17 இலக்க எண் இருக்காது, ஆனால் அணியின் சேசிஸ் எண் இருக்கும். அணியின் பெயரைப் பயன்படுத்த உரிமம் இருக்கிறதா? உள்ளே ஓடும் இயந்திரம் எது? மூன்றாவது கேள்விக்குத்தான் பலர் மழுப்புவார்கள். மியோட்டா, செய்கோ என்ஹெச்35, செல்லிட்டா எஸ்டபிள்யூ200 என்றால் ஈப்போவிலேயே பழுது பார்க்கலாம், முழு இயந்திரத்தையே மாற்றவும் முடியும். அவை நல்ல இயந்திரங்கள்தான், ஆனால் 11,500 வெள்ளியை நியாயப்படுத்துபவை அல்ல. சொந்த இயந்திரம் என்றால் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிற பொருளானால் விற்பனை வரியும் குரியர் கட்டணமும் விலையில் சேர்ந்ததா என்பதையும் கேளுங்கள். 500 வெள்ளியைத் தாண்டுவதால் சுங்கத்தில் நிற்கும்.

'ஐந்து வருடம் கழித்து நாங்களே இரண்டு மடங்குக்குத் திரும்ப வாங்கிக்கொள்வோம்' என்று யாராவது வாக்குறுதி கொடுத்திருந்தால் அது கடிகார வியாபாரம் அல்ல, பணம் திரட்டும் வேலை. நிறுவனப் பெயரை பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலிலும் பங்குப் பத்திர ஆணையத்தின் பட்டியலிலும் தேடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது, மோசடி என்று தெரிகிறது என்றால் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997-க்கு அழையுங்கள்.

கூட்டுப் பணம் வேண்டவே வேண்டாம். கூட்டுச் சீட்டை வியாபாரமாக நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடத்துபவர் ஓடிவிட்டால் புகார் கொடுக்கப் போகும் உங்களுக்கும் சங்கடம். வங்கித் தனிநபர் கடனும் மலிவு இல்லை. எடுத்துக்காட்டாக 8,000 வெள்ளி, 'பிளாட்' (அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கும் கணக்கிடும்) வட்டி 8 விழுக்காடு, மூன்றாண்டு என்றால் மாதம் 276, உண்மையான வட்டி ஏறக்குறைய 14.5 விழுக்காடு.

அப்படியானால் 9,000-ஐ என்ன செய்வது? முதலில் கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அடைத்துவிடுங்கள். அதற்கு ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வட்டி ஓடுகிறது, அதை அடைப்பதைப் போல் நிச்சயமான லாபம் வேறெங்கும் கிடையாது. மூன்று மாதச் செலவுக்கான தொகை வங்கியில் இருக்கட்டும். மீதியை இபிஎஃப் சுய சந்தாவில் போடலாம். அங்கே போட்டால் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 செஜாத்தெரா கணக்குக்கும், 10 ஃப்ளெக்சிபல் கணக்குக்கும் பிரியும் என்பதை நினைவில் வையுங்கள். 9,000-ம் போட்டால் நினைத்தபோது எடுக்க முடிவது 900 தான். கையில் புரள வேண்டிய பணமென்றால் அமானா சஹாம் மலேசியா என்ற யூனிட் டிரஸ்ட் பொருத்தம், ஒரு யூனிட் எப்போதும் 1 வெள்ளி. நம்மவர்களுக்கு யூனிட் பல நேரம் 'இல்லை' என்றே வரும். சிறுசிறு தொகையாக, வேறு வேறு நேரத்தில் முயன்றுகொண்டே இருக்க வேண்டும்.

இனி ஆசை. பந்தயம் பிடிக்கும், அந்தப் பாகம் கையில் இருக்க வேண்டும் என்றால் அது குற்றமில்லை. ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டாமல், கடன் இல்லாமல், மனைவிக்குத் தெரிந்து, மேலே சொன்ன இயந்திரங்களில் ஒன்று உள்ள இரண்டாங்கைக் கடிகாரமாகத் தேடுங்கள். பெட்டியும் சான்றிதழும் கூடவே வர வேண்டும். பழைய பெயிண்டோடு இருக்கும் தட்டின் மேல் தெளிவான வார்னிஷ் பூச்சு இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். இல்லையென்றால் பெயிண்ட் உதிர்ந்து பல்சக்கரத்தில் சிக்கும். கார்பன் கூட்டில் அலுமினியத் திருகு நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் நம் வியர்வையில் அலுமினியம் அரித்துப்போகும், டைட்டானியம் திருகாக இருக்கட்டும். டயர் ரப்பர் வாரில் செம்பனை எண்ணெய் படவிடாதீர்கள், இளகி உப்பும்.

உங்கள் வேலைக்கு ஒன்று கூடுதலாக. பெரிய மோட்டார், ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றால் உள்ளே இருக்கும் முடிபோல் மெல்லிய சுருள்வில் காந்தமேறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கடிகாரம் நாளுக்குச் சில நிமிடம் வேகமாக ஓடத் தொடங்கும். பழுது என்று யாராவது பெரிய பில் போட வந்தால், முதலில் காந்தம் நீக்கச் சொல்லுங்கள். கடிகாரக் கடையில் ஒரு நிமிட வேலை. ஆலைக்கு வழக்கமான பழைய கடிகாரத்தையே கட்டிக்கொண்டு போங்கள்.