பெருங்குடல் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகும் ரத்தத்தில் புற்றின் மிச்சம் தெரிந்தால், நாலைந்து மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து ஒழித்துவிட முடியாதா?

அதைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மருந்தைக் கூட்டினால் பலனும் கூடும் என்ற கணக்கு இந்த நோயில் பலமுறை பொய்த்திருக்கிறது. நான் மருத்துவர் இல்லை; மருந்துச் சோதனைத் தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. அங்கிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

கூட்டு மருந்து ஜெயித்ததும் உண்டு. அறுவைக்குப் பின் வழக்கமாகக் கொடுக்கும் 5-எஃப்யூ, லூகோவோரின் மருந்துகளோடு ஆக்சாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்தபோது நோய் திரும்புவது குறைந்தது. 2004இல் வெளியான மொசைக் சோதனை அது. அந்தத் தெம்பில் இரினோடெக்கான் என்ற இன்னொரு கீமோ மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. புற்றின் குறிப்பிட்ட இலக்கைத் தாக்கும் பெவாசிசுமாப், செடுக்சிமாப் இரண்டும் அப்படியே. இத்தனைக்கும் மூன்றுமே பரவிய நோயில் கட்டியைச் சுருக்குபவை! ஸ்கேனில் தெரியும் கட்டியும், அறுவைக்குப் பின் எங்கோ பதுங்கியிருக்கும் சில செல்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பிளவுபடும் செல்லைத்தான் கீமோ பெரும்பாலும் கொல்லும். சும்மா கிடக்கிற செல் தப்பிவிடலாம்.

ஆகவே எதோடு எதைச் சேர்ப்பது என்பதற்குக் காரணம் வேண்டும். பிராஃப் என்ற மரபணுவில் வி600இ என்ற மாற்றமுள்ள கட்டிக்கு அதைத் தடுக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால், செல் இஜிஎஃப்ஆர் என்ற இன்னொரு வளர்ச்சிச் சமிக்ஞை வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி வளர்கிறது. இது 2012இல் ஆய்வகத்தில் பிடிபட்டது. அப்புறம்தான் பிராஃபைத் தடுக்கும் என்கோராஃபெனிபும் இஜிஎஃப்ஆரைத் தடுக்கும் செடுக்சிமாபும் ஜோடியாக வந்து, பரவிய நோயில் ஆயுளைக் கூட்டின.

ரத்தத்தில் மிதக்கும் புற்று டிஎன்ஏவைத் தேடும் பரிசோதனை இப்போது வேலையை எளிதாக்குகிறது. பாசிட்டிவ் ஆனவர்களை மட்டும் சேர்த்து, டிஎன்ஏ மறைகிறதா என்று சில மாதங்களிலேயே பார்க்கலாம். மறைந்துவிட்டது என்பதாலேயே குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திரும்பத் தலைகாட்டுவதும் உண்டு. ஜப்பானியர்கள் நடத்திய ஆல்டேர் சோதனையில், பாசிட்டிவ் ஆனவர்களுக்கு டிரைஃப்ளூரிடின்-டிபிராசில் என்ற கீமோ மாத்திரை கொடுத்தார்கள். நோயின்றி இருந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் இதைத் தாண்டுவார்கள்) 9.3 மாதம், வெற்று மாத்திரைக்கு 5.6 மாதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் புள்ளியியல்படி அது உறுதியாகவில்லை. எனக்கு இது தோல்வியாகப் படவில்லை. ஒற்றை மருந்து போதாது என்பதற்கான தடயமாகத்தான் படுகிறது.

இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. இந்தச் சோதனைகளில் சேரும் பலருக்கு ஆக்சாலிப்ளாட்டினால் ஏற்கெனவே விரல்கள் மரத்திருக்கும். சட்டைப் பொத்தான் மாட்டவே திணறுவார்கள்.

வீட்டில் யாருக்காவது இந்த நிலை என்றால், கட்டியில் எம்எம்ஆர் குறைபாடு, அதாவது டிஎன்ஏ பிழைகளைச் சரிசெய்யும் அமைப்பின் கோளாறு, இருக்கிறதா என்று பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். நோய் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிய மூன்றாம் நிலையில் அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கீமோவோடு அடெசோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்தபோது, 3 ஆண்டுக்குப் பிறகும் நோயின்றி இருந்தவர்கள் சுமார் 86 சதவீதம். கீமோ மட்டும் என்றால் சுமார் 77.