பத்து இலட்சமும் அதன் அக்கம்பக்கமும்: வாசகர் கேள்விகள்

சேர், 1,000,001 முதன்மை எண்தான் என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் சொல்லுகினம். நானும் 2 தொடக்கம் 97 வரை எல்லா முதன்மை எண்ணாலும் வகுத்துப் பார்த்தேன், மீதி வருது. சரியா? (சாதாரண தர மாணவி, புதுக்குடியிருப்பு)

பிள்ளை, நீங்கள் அனுப்பிய கொப்பித்தாளை வரிவரியாகப் பார்த்தேன். 25 வகுத்தல், ஒன்றிலும் பிழையில்லை. கடைசி வரியில் 97க்கு ஈவு 10,309, மீதி 28. அதற்குக் கீழே கோடு கீறி நிறுத்திவிட்டீர்கள். இன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாம். அடுத்த முதன்மை எண் 101. 9,901இன் நூறு மடங்கான 990,100உடன் இன்னொரு 9,901ஐக் கூட்டிப் பாருங்கள்: 101 × 9,901 = 1,000,001. ஆகவே இது முதன்மை எண் அல்ல, சேர்த்தி எண்.

ஓர் எண்ணைச் சோதிக்கும்போது அதன் வர்க்கமூலம் வரை போகவேண்டும். இங்கே அது 1,000ஐச் சற்றே தாண்டும். 1,000க்குள் 168 முதன்மை எண்கள் உண்டு. 25உடன் முடிவுக்கு வர முடியாது.

ஆனால் அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். 9,901 முதன்மை எண்ணா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறதே! அதன் வர்க்கமூலம் 100ஐ எட்டாது. சோதிக்கவேண்டியவை நீங்கள் வகுத்த அதே 25 எண்கள்தான். அவற்றில் ஒன்று 9,901ஐ மீதியின்றி வகுத்திருந்தால், அதன் மடங்கான 1,000,001ஐயும் மீதியின்றி வகுத்திருக்கும். ஒன்றும் வகுக்கவில்லை. 9,901 முதன்மை எண் என்பதற்கு உங்கள் தாளே நிறுவல். இதைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சமல்ல.

காரணிகள் சோடி சோடியாகத்தானே வரும்? 1,000,000க்கு 49 காரணிகள் என்று மகள் சொல்கிறாள். ஒற்றை எண்ணிக்கை எப்படி வரும்? (தகப்பன் ஒருவர், விசுவமடு)

மகள் சொன்னது சரி. உரித்த கச்சான் 36 எடுத்து மேசையில் சம வரிசைகளாக அடுக்குங்கள். 4 வரிசையில் 9 வைத்தால், திருப்பி 9 வரிசையில் 4 வைக்கலாம். 3க்கு 12 சோடி, 2க்கு 18, 1க்கு 36. 6 வரிசையில் 6 வைத்தால் மட்டும் திருப்பினாலும் அதே அடுக்கு. 6க்குச் சோடி 6தான். அதனால் 36க்கு 9 காரணிகள். சதுர எண் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். பத்து இலட்சத்தில் சோடியில்லாமல் நிற்பது 1,000.

49 எப்படி வந்தது? பத்து இலட்சம் என்பது ஆறு 2களினதும் ஆறு 5களினதும் பெருக்கம். ஒரு காரணியில் 2 ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், ஆறு வரையும் இருக்கலாம்: ஏழு வழி. 5க்கும் ஏழு. ஏழேழு 49.

ஏழு இலக்கங்களில் மிகச் சிறிய முதன்மை எண் எது? (மாங்குளம்)

1,000,003.

என் கைத்தொலைபேசி எண் முதன்மை எண்ணாக இருக்குமா? (இளைஞர், வவுனியா)

முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டால் ஒன்பது இலக்கம். அந்த அளவு எண்களில் ஏறத்தாழ இருபதுக்கு ஒன்று முதன்மை எண். 1, 3, 7, 9 இல் முடிந்தால் எட்டுக்கு ஒன்று வரை வரும். உங்களுடையது 7இல் முடிகிறது, ஆசைப்பட்டதில் நியாயம் உண்டு. எண்ணை இங்கே போடவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 45 வருகிறது, தம்பி. 9ஆல் வகுபடும்.