நிறம் போன வெல்லத்தில் வண்டி ஓடுமா?

கவுந்தப்பாடிப் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: நிறம் போன வெல்லம் விலை போகாமல் கிடக்கிறது, அதைக் காய்ச்சி எத்தனால் எடுத்து பைக்குக்கும் கிணற்று டீசல் இன்ஜினுக்கும் ஊற்றலாமா? மெஷின் 85,000 ரூபாய் என்கிறார்களாம்.

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். எத்தனால் வரும், சந்தேகமில்லை. கிலோவுக்கு 400 மில்லி எடுத்தாலே கெட்டிக்காரர். அப்போது லிட்டருக்கு இரண்டரைக் கிலோ வெல்லம், விறகு தனி. பெட்ரோல் ஓட்டும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அது ஓட்டும். வெல்லத்தைக் கிலோ 30 ரூபாய்க்குப் போட்டாலும் கட்டாது. அப்புறம் தண்ணீர். எத்தனை தடவை காய்ச்சினாலும் 95 சதவீதத்துக்கு மேல் சுத்தமாகாது. பெட்ரோலோடு கலந்தால் அந்தத் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அப்படி ஊற்றி ஓட்டிய ஒருவரின் கார்புரேட்டரைத் திறந்தேன்: கிண்ணம் முழுக்க வெள்ளைப் பொடி, ரப்பர் வாஷர் ஊறிப்போன பட்டாணி மாதிரி.

சட்டமும் விடாது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தில் வண்டிக்கு என்றாலும் ஊறல் ஊறல்தான். பங்க்கில் 20 சதவீத எத்தனால் கலந்து அரசே விற்க வைக்கிறது, கரும்பு போட்டவனுக்கு ஒரு சின்ன பெர்மிட் தர மட்டும் வழியில்லை!

இந்த ஓட்டையில்தான் புரோக்கர் நுழைகிறான். "லைசென்ஸ் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று அவன் நீட்டும் காகிதம் பெரும்பாலும் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுச் சான்று. இணையத்தில் இலவசமாக நீங்களே எடுக்கலாம், அது சாராயம் காய்ச்ச அனுமதி இல்லை. டெமோவில் ஊற்றுவதும் உங்கள் வெல்லத்தில் வந்ததா என்று பாருங்கள். 1996-ல் பச்சிலையைக் காய்ச்சி எடுத்ததாகச் சொன்ன மூலிகை பெட்ரோலுக்கு நாடே வாய் பிளந்தது, 2016-ல் அதை விற்றவர்களுக்கு நீதிமன்றம் மோசடிக்குத் தண்டனை கொடுத்தது.

டீசல் இன்ஜின் எத்தனாலில் தானாகப் பற்றாது. ஆனால் மாடு இருந்தால் சாண எரிவாயு உண்டு. அதைக் காற்று போகும் குழாயில் சேர்த்துவிட்டால் டீசலில் பாதிக்கு மேல் மிச்சம். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு நாளுக்கு 25 கிலோ சாணம் வேண்டும். 5 குதிரைத்திறன் இன்ஜின் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு கன மீட்டருக்கு மேல் குடிக்கும். ஆக, நாலைந்து மாட்டுக்குத் தினம் ஒரு மணி நேரப் பாய்ச்சல். டீசலை முழுசாக நிறுத்த முடியாது, பற்றவைக்க அது வேண்டும். இதற்கு எந்தப் போலீசும் வராது.

வெல்லமா? ஜீவாமிர்தம் என்ற இயற்கை உரக் கரைசல் போடுகிறவர்களிடம் கேளுங்கள். 200 லிட்டர் டிரம்முக்கு 2 கிலோ போகும், நிறம் யாரும் பார்ப்பதில்லை.