வாசகர் கேள்விகள்: உணவுக்கு ஒரு வங்கி

கேள்வி: மிஷிகனில் வசிக்கும் என் மகள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை ‘உணவு வங்கி’க்குப் போய்க் காய்கறி தரம் பிரித்துக் கொடுத்துவிட்டு வருகிறாள். அவ்வளவு வசதியான நாட்டில் இது எதற்கு? வங்கி என்ற பெயர் எப்படி வந்தது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தப் பெயருக்கு வித்திட்டவர் பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருவர். 1960-களில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில், ஏழைகளுக்கு உணவு வழங்கும் கூடம் ஒன்றில் தொண்டு செய்துவந்த ஜான் வான் ஹெங்கல், சூப்பர் மார்க்கெட்டின் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்த உணவால் பிள்ளைகளை வளர்த்துவந்த அந்தப் பெண்ணைச் சந்தித்தார். தொட்டியில் கிடந்தவற்றில் பெரும்பகுதி கெடாத உணவு. பணத்தைப் போட்டு எடுப்பதுபோல உணவையும் போட்டு எடுக்க ஓர் இடம் இருக்கக்கூடாதா என்று அந்தத் தாய் கேட்டதிலிருந்து பிறந்ததுதான், 1967-இல் தொடங்கிய செயின்ட் மேரிஸ் உணவு வங்கி. தேவாலயம் ஒரு பழைய கட்டடத்தையும் 3,000 டாலரையும் கொடுத்தது. முதல் ஆண்டிலேயே 2,75,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 125 டன் உணவு கைமாறியது. இன்று ‘ஃபீடிங் அமெரிக்கா’ என்ற கூட்டமைப்பின்கீழ் சுமார் 200 வட்டார உணவு வங்கிகள் இயங்குகின்றன. வாடகையும் மருத்துவச் செலவும் போக, மாதக் கடைசியில் மளிகைக்குக் கையில் காசில்லாத குடும்பங்கள் வசதியான நாட்டிலும் உண்டு.

கேள்வி: வந்ததை வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுப்பதுதானே வேலை? இதற்கு ஒரு தலைவர், அலுவலகம் எல்லாம் தேவையா?
– வாசகர், சேலம்

பதில்: வருவது என்ன, அது எங்கே வருகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. 2005 வரை, பெரிய நிறுவனங்கள் தரும் உணவைக் கூட்டமைப்பு வரிசை முறைப்படி உணவு வங்கித் தலைவர்களுக்கு ஒதுக்கிவந்தது. யார் முறை வருகிறதோ அவருக்கு ஒரு லாரிச் சுமை. சில மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். லாரி வாடகையும் அவருடையதே. எடை மட்டுமே கணக்கு என்பதால், உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஐடஹோவுக்கே உருளைக்கிழங்கு போய்ச் சேர்ந்த வேடிக்கையும் நடந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்.

சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்களும் உணவு வங்கித் தலைவர்களும் கூடிப் பேசி, அந்த ஆண்டில் ஓர் ஏல முறையைக் கொண்டுவந்தார்கள். ஏழைகள் அதிகமுள்ள வட்டாரத்துக்கு அதிகமாகக் கிடைக்கும் ‘பங்கு’ என்ற பொய்ப் பணத்தைக் கொண்டு, நாளுக்கு இரு முறை தமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கலாம். அன்று செலவான பங்குகள் எல்லாம் நள்ளிரவில் மீண்டும் எல்லோருக்கும் பிரித்துத் தரப்படும். யாரும் சீண்டாத சுமையை ஏற்றுக்கொள்பவருக்கு எதிர்மாறாகப் பங்கு கொடுக்கவும் இடமுண்டு.

பசியில் ஏலமா என்று முகம் சுளிக்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. மேற்கு மிஷிகன் உணவு வங்கியின் தலைவர் ஜான் அர்னால்ட், தாம் சோஷலிஸ்ட் என்றும் சந்தையில் நம்பிக்கை இல்லாதவர் என்றும் சொல்லியே இதை எதிர்த்தார். பிறகு அவரே இந்த முறையை ஏற்றுக்கொண்டார். பக்கத்துப் பண்ணைகளிலிருந்து காய்கறி தாராளமாகக் கிடைக்கும் தலைவர் அதற்குப் பங்கைச் செலவிடாமல், வேர்க்கடலை வெண்ணெய்க்கோ பாஸ்தாவுக்கோ சேர்த்துவைக்கலாம் அல்லவா? தம் கிடங்கில் என்ன இருக்கிறது, குளிர்பதன அறையில் எவ்வளவு இடம் இருக்கிறது, எந்தப் பெட்டியின் தேதி இந்த வாரம் முடிகிறது என்பதெல்லாம் விரல்நுனியில் இருப்பவர்தான் அந்த வேலைக்குச் சரிப்படுவார்.

கேள்வி: மகனைப் பார்க்க அங்கே போகும்போது, கோயில் அன்னதானம்போல வீட்டில் சமைத்துக் கொடுக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: பொதுவாக வீட்டுச் சமையலை வாங்கமாட்டார்கள். பிரிக்காத பருப்பு, டின் உணவு கொடுக்கலாம். பணமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. மொத்த விலையில் அவர்களால் உங்களைவிட அதிகம் வாங்க முடியும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உணவு வங்கிகள் ஒரு வேளை உணவு கொடுத்தால், ஏழைகள் உணவு வாங்க அரசு உதவும் ‘ஸ்னாப்’ திட்டம் ஒன்பது வேளைக்குக் கொடுக்கிறது என்று ஃபீடிங் அமெரிக்காவே சொல்கிறது. அதனால்தான் உணவு வங்கித் தலைவர்கள் லாரிக்கு டீசல் போட்ட கையோடு, அந்தத் திட்டத்துக்கான நிதியைக் குறைக்காதீர்கள் என்று வாஷிங்டனில் போய் வாதாடவும் செய்கிறார்கள்.