பள்ளி கைவிரித்தால் பெற்றோர் என்ன செய்வது?

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனைச் சிலர் தொடர்ந்து துன்புறுத்துவதாகவும், இருமுறை முறையிட்டும் 'பிள்ளைகளின் விளையாட்டு' என்று பள்ளி ஒதுக்கிவிட்டதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

அது விளையாட்டே அல்ல. 1970களில் இதை ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, எதிர்த்து நிற்க முடியாத பிள்ளையிடம் பலத்தைக் காட்டுவது. உங்கள் புகாரை இம்மூன்றும் தெரியும்படி எழுதுங்கள். வாய்மொழிப் புகாரைப் பள்ளி எளிதில் மறந்துவிடும். எந்த நாள், எந்த இடம், யார் என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். காயமோ கிழிந்த சட்டையோ இருந்தால் படம் எடுங்கள். கைப்பேசியில் வந்த மிரட்டல்களை அழிக்காதீர்கள். தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். எந்தத் தேதிக்குள் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் நிர்வாகத்துக்கு, பிறகு கல்வித் துறைக்கு, குழந்தைகள் உரிமை அமைப்புக்கு. அடி, பாலியல் தொல்லை, கொலை மிரட்டல் என்றால் இந்தப் படிகளுக்காகக் காத்திருக்காமல் காவல்துறைக்குச் செல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மகனோடு உட்காருங்கள். 'நீயும் திருப்பி அடி' என்று சொல்லாதீர்கள். பெரும்பாலும் அடி இன்னும் பலமாக விழும், பழியும் அவன் மேலேயே வரும். 'உன் மேல் தவறில்லை' என்று சொல்லுங்கள், ஒருமுறை அல்ல, பலமுறை. அவனுக்குத் தெரியாமல் எந்த அடியும் எடுத்துவைக்காதீர்கள். தூக்கம் கெட்டால், சாப்பாடு குறைந்தால், வாழப் பிடிக்கவில்லை என்பது போல் ஒரு சொல் வந்தால், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால் பள்ளியை மாற்றுங்கள். அதைத் தோல்வியாக நான் நினைக்கவில்லை.