தனியாக கேம் செய்பவர்கள் நல்ல ரெண்டரிங் கம்ப்யூட்டருக்கு எப்போது பணம் போடலாம்?

உங்கள் கேள்வி இது: நண்பரோடு சேர்ந்து ஒரு 3டி கேம் செய்கிறீர்கள். கையில் 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப். வேலைக்குப் போய்க்கொண்டே செய்வதால் எட்டு மாதம் ஓடிவிட்டது. இரண்டு லட்சம் கடன் வாங்கி நல்ல மெஷின் போட்டால் வேகமாக முடிப்போமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். காத்திருக்க மனமில்லாமல் "பரவாயில்லை, இதுவே இருக்கட்டும்" என்று கேமில் விட்டுக்கொடுக்க ஆரம்பிக்கிறீர்கள் பாருங்கள், அன்றைக்கு வாங்குங்கள். ரெண்டர், அதாவது 3டி காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவது, மெதுவாக ஓடுகிறது என்பது மட்டும் போதுமான காரணம் இல்லை. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகிற ரெண்டர் எவ்வளவு மெதுவாக ஓடினால் என்ன? பகலில் உங்களைக் கையைக் கட்டி உட்கார வைக்கிற காத்திருப்புதான் கணக்கில் வர வேண்டும்.

இதை நானும் என் கூட்டாளியும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கோயம்புத்தூரில் மூடிக்கிடக்கும் ஒரு பழைய நூல் மில்லுக்குள் நடக்கிற புதிர் கேம் எங்களுடையது, யூனிட்டி என்ற கேம் இன்ஜினில் செய்தோம். அந்தக் காலத்து மில்களின் கூரையைப் பார்த்திருப்பீர்கள், ரம்பப் பல் மாதிரி இருக்கும். பல்லின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியாக இறங்குகிற வெளிச்சம் வரிசையாக நிற்கும் மெஷின்கள் மேல் விழ வேண்டும், அது சுவரில் பட்டுத் திரும்பி மெஷின்களுக்கு அடியில் இருக்கிற இருட்டையும் லேசாகக் கரைக்க வேண்டும். அந்த கேமுக்கு உயிரே அந்த வெளிச்சம்தான். இதை முன்கூட்டியே கணக்கிட்டுப் படமாகப் பதித்துவைக்க, அதாவது லைட்மேப்பாக பேக் செய்ய, எங்கள் லேப்டாப்புக்கு 2 மணி 40 நிமிடம் ஆனது.

புது மெஷின் வேண்டும் என்று எல்லோரையும் போல நாங்களும் புலம்பினோம். கூட்டாளிதான் ஒரு நோட்டை எடுத்து வைத்து, "மூணு வாரம் எழுதிப் பார்ப்போம், எதுக்காக எவ்வளவு நேரம் சும்மா உட்காருறோம்னு" என்றார். ராத்திரி ஓடியதை எழுதவில்லை. நாங்கள் நாற்காலியில் இருக்கும்போது ஆன காத்திருப்பு மட்டும். மூன்று வாரத்தில் மொத்தம் 61 மணி நேரம் வந்தது. அதில் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் வெறும் 7 மணி. லைட்மேப் 26 மணி. ஸ்கிரிப்ட், அதாவது கேமின் நிரலை மாற்றிய பிறகு அது கம்பைல் ஆவதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது 9 மணி. மீதி 19 மணி நேரம் புராஜெக்ட் திறப்பதற்கும், டெக்ஸ்சர்களை (3டி பொருட்கள் மேல் ஒட்டும் படங்களை) இம்போர்ட் செய்வதற்கும், விண்டோஸ் பில்டிலிருந்து ஆண்ட்ராய்டு பில்டுக்கு மாறுவதற்கும் போயிருந்தது.

அந்த 19 மணிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பெரிய தொடர்பே கிடையாது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படித்து எழுதுகிற வேலை அது, லேப்டாப்பில் இருந்ததோ பழைய ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டி ஒன்றும் கூடுதலாக 8 ஜிபி ரேமும் போட்டோம். 2023இல் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. அடுத்த வாரமே அந்தக் காத்திருப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. நோட்டு எழுதாமல் போயிருந்தால், லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய மெஷின்தான் இந்த வேலையைச் செய்தது என்று நம்பியிருப்போம்.

அதனால் உங்களிடம் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். மூன்று வாரம் முடியாது என்றால் ஒரு வாரம் போதும். பக்கத்திலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரத்தில் நூறு சதவீதத்தில் நிற்பது சிபியுவா, டிஸ்கா, ரேமா, ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) மெமரியா என்று அதிலேயே தெரிந்துவிடும். ஷேடர், அதாவது பரப்புகள் எப்படித் தெரிய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்கிற சின்ன நிரல், கம்பைல் ஆவது பெரும்பாலும் சிபியு வேலை. அன்ரியல் என்ற கேம் இன்ஜினில் ஆயிரக்கணக்கான ஷேடர்கள் கம்பைல் ஆகக் காத்திருப்பவர், கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால் அதே இடத்தில்தான் மறுபடியும் உட்கார்ந்திருப்பார்.

அடுத்தது செட்டிங்ஸ். இதில் காசு செலவே இல்லை, ஆனால் பலரும் தொடாமல் தாண்டிப் போகிற இடம் இது. யூனிட்டியில் லைட்மேப் ரெசல்யூஷன் ஒரு யூனிட்டுக்கு 40 டெக்ஸெல் (லைட்மேப்பின் புள்ளி) என்று தானாகவே இருக்கும். அதை 20 ஆக்கினால் வேலை பாதியாகக் குறையும் என்று நினைக்கிறோம், ஆனால் நீளம் அகலம் இரண்டும் பாதியாவதால் டெக்ஸெல்கள் நாலில் ஒரு பங்காகிவிடும். தூரத்தில் நிற்கிற மெஷின்களுக்கு இன்னும் குறைத்தோம். தரையில் சிதறிக் கிடக்கிற பாபின், போல்ட் மாதிரியான சின்னப் பொருட்களை லைட்மேப்பிலிருந்தே எடுத்துவிட்டு லைட் புரோப், அதாவது அங்கங்கே வெளிச்சத்தைப் பதிந்து வைக்கிற புள்ளிகள், கொடுத்தோம். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. 2 மணி 40 நிமிடம் என்பது 55 நிமிடத்துக்கு வந்தது. பிளெண்டரிலும் இதே கதைதான். அதன் ரெண்டர் இன்ஜினான சைக்கிள்ஸில் சாம்பிளை, அதாவது ஒரு பிக்சலுக்கு எத்தனை தடவை ஒளியைக் கணக்கிடுவது என்பதை, 1024இல் வைத்து ஓடவிட்டுக்கொண்டிருந்தோம். 128க்குக் குறைத்து, படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்குகிற டீநாய்சரைப் போட்டால் எங்கள் வேலைக்கு அதுவே தாராளம். அதுவும் திரையில் 128 பிக்சல் அகலத்தில் தெரியப்போகிற ஐகானுக்குத் துணியின் நெசவு வரைக்கும் சுத்தமாக ரெண்டர் செய்து யாருக்கு என்ன பயன்? பழைய பிளெண்டர் வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். 2021 டிசம்பரில் வந்த 3.0இல் சைக்கிள்ஸின் உள்கட்டமைப்பையே திருத்தி எழுதினார்கள், ஜிபியுவில் ரெண்டர் செய்பவர்களுக்கு நல்ல வேகம் கிடைத்தது.

இதையெல்லாம் செய்த பிறகும் 55 நிமிடம் எங்களைப் படுத்தியது. எங்கள் 4 ஜிபி கார்டில் பெரிய கூடத்தின் பேக் தொடங்கியதும் மீதி நேரம் சில நிமிடங்கள் என்று காட்டும். கொஞ்ச நேரத்தில் கார்டின் மெமரி நிரம்பிவிடும், யூனிட்டி அந்த வேலையைத் தானாகவே சிபியுவுக்குத் தள்ளிவிடும். மீதி நேரம் சட்டென்று ஏறும், லேப்டாப் ஃபேன் சத்தம் அறையை நிரப்பும். அந்த ஃபேன் சத்தம் மாறுவதை வைத்தே அடுத்த அறையிலிருந்து எங்களுக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கும் சிபியுவுக்குப் போய்விட்டது என்று.

ஒரு நாள் மாலை, கூரைக் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தின் கோணம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பத்து டிகிரி சாய்த்தால் வரிசையில் மூன்றாவது மெஷின் மேல் விழும், விளையாடுபவரின் கண் தானாக அங்கே போகும். புதிருக்கான முதல் துப்பு அங்கேதான் இருக்கிறது. கூட்டாளியிடம் சொன்னேன். இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம். "விடு, நல்லாத்தானே இருக்கு" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். நல்லா இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். அன்று இரவு நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது: முதல் வாரத்தில் அந்தக் கூடத்தை ஒன்பது தடவை பேக் செய்திருந்தோம், கடைசி வாரத்தில் மூன்று தடவைதான். வேலை முடிந்து குறையவில்லை. முயற்சி செய்வதை நிறுத்திவிட்டிருந்தோம். அந்த வாரமே டெஸ்க்டாப் வாங்க முடிவு செய்தோம்.

வாங்கியது பெரிய மெஷின் இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி உள்ளது. அதைவிட வேகமான கார்டுகள் இருந்தன, ஆனால் பலவற்றில் 8 ஜிபிதான். எங்கள் சிக்கல் வேகத்தில் இல்லை, மெமரி போதாததில் இருந்தது. 55 நிமிட பேக் 6 நிமிடத்துக்கு வந்தது. அந்தப் பத்து டிகிரியைச் சாய்த்தோம், பிறகு ஏழாக்கினோம், அப்புறம் கண்ணாடிக்கே லேசான பச்சை கொடுத்துப் பார்த்தோம். ஒரே மதிய நேரத்தில் பதினோரு தடவை.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். எங்களுக்கு அசெம்பிள் செய்து கொடுத்த கடையில் கேபினட்டோடு வந்த மலிவான எஸ்எம்பிஎஸ்ஸையே (மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போட்டுவிட்டார்கள். சாதாரண வேலையில் ஒன்றும் தெரியவில்லை. பேக்குகள் அடுத்தடுத்து ஓடி இருபது நிமிடம் ஆனதும் மெஷின் பட்டென்று அணையும். நான்கு நாள் சாஃப்ட்வேரைச் சந்தேகப்பட்டு வீணானது. 650 வாட், 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று உள்ளது ஒன்று மாற்றியதும் நின்றுவிட்டது. யூபிஎஸ்ஸையும் கணக்கில் சேருங்கள், வீட்டில் வைத்திருக்கும் 600 விஏ யூபிஎஸ் இந்த மாதிரி மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால் தாங்காமல் போகலாம். பிளெண்டரில் ரெண்டர் செய்யும்போது நேராக வீடியோவாக எடுக்காமல் பிஎன்ஜி படங்களாக எடுங்கள். 700ஆவது ஃபிரேமில் கரண்ட் போனாலும் அந்த 700இலிருந்தே தொடரலாம்.

டிரெய்லருக்காக மெஷின் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். 40 நொடி டிரெய்லர், நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 1200 ஃபிரேம். ஒன்றுக்கு 3 நிமிடம் ஆனாலும் 60 மணி நேரம். வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஓடவிட்டால் திங்கள் காலை ஒன்பதுக்கு முடிந்திருக்கும். வருடத்தில் இரண்டு தடவை வருகிற வேலை இது. பிளெண்டர் ஃபைல் என்றால் ஷீப்இட் என்ற இலவச ரெண்டர் ஃபார்ம் இருக்கிறது, மற்றவர்களின் ஃபிரேம்களை நீங்கள் ரெண்டர் செய்து கொடுத்தால் அதற்கான புள்ளிகளில் உங்கள் வேலை நடக்கும். அவசரம் என்றால் மணிக்கணக்கில் வாடகைக்கு ஜிபியு எடுக்கலாம். கேமுக்குள்ளிருந்தே எடுக்கிற காட்சிகளுக்கு இதுவும் தேவையில்லை, யூனிட்டி ரெக்கார்டர் ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்து அடுக்குவதால் மெதுவான மெஷினிலும் 60 ஃபிரேம் வீடியோ வழவழப்பாகவே வரும்.

ரெண்டர் செய்த படமே கேமின் முகமாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும். இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் 1994இல் வந்த டாங்கி காங் கன்ட்ரி கேமுக்காக சிலிக்கான் கிராபிக்ஸ் வொர்க்ஸ்டேஷன்களில் பெரும் பணம் போட்டது. பாத்திரங்களை 3டியில் செய்து, ரெண்டர் எடுத்து, அதை 2டி ஸ்பிரைட்டாக, அதாவது தட்டையான படங்களாக, சூப்பர் நின்டெண்டோ கேம் கன்சோலில் ஓடவிட்டார்கள். அந்த மெஷின்கள் இல்லாமல் அந்த கேமே இல்லை. மறுபக்கம் 2016இல் வந்த ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை எரிக் பரோன் ஒருவரே பிக்சல் பிக்சலாக வரைந்து செய்தார். அவருக்குத் தேவைப்பட்டது நான்கு வருடத்துக்கு மேலான உழைப்பு, ரெண்டர் மெஷின் இல்லை. உங்களுடையது ஸ்பிரைட் ரெண்டர் செய்கிற கேமாக இருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 8 திசை, 6 அசைவு, அசைவுக்கு 12 ஃபிரேம் என்றால் ஒரு பாத்திரத்துக்கே 576 படம். இருபது பாத்திரம் என்றால் 11,520. தொப்பியின் நிறத்தை மாற்றினால்கூட அந்தப் பாத்திரத்தின் 576 படங்களும் மறுபடியும் முதலிலிருந்து.

பழைய லேப்டாப்பை மட்டும் விற்றுவிடாதீர்கள். கேம் விற்கும் தளமான ஸ்டீம் மாதாமாதம் வெளியிடுகிற ஹார்டுவேர் கணக்கெடுப்பைப் பாருங்கள், மேல் வரிசைகளில் இருப்பதெல்லாம் நடுத்தர விலைக் கார்டுகள். உங்கள் கேமை வாங்கப்போகிறவர் அந்தக் கார்டு வைத்திருப்பவர்தான். புது மெஷினில் நொடிக்கு 140 ஃபிரேமில் ஓடியதைப் பார்த்து நாங்கள் நிழல்களைத் தாராளமாகக் கூட்டிவிட்டோம். பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் 19. இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வார பில்டை லேப்டாப்பில் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுத்தான் மூடுகிறோம்.

கடன் பற்றி. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போது இரண்டு லட்சம் வாங்க மாட்டேன். எட்டு மாதம் என்கிறீர்கள், ஆனால் வெளியாள் ஒருவர் உட்கார்ந்து அரை மணி நேரம் விளையாடுகிற அளவுக்கு ஒரு பகுதி தயாரா என்று சொல்லவில்லை. அது தயாராகும்வரை கேமில் எதை வைப்பீர்கள், எதை வெட்டுவீர்கள் என்று உங்களுக்கே தெரியாது, எந்த மெஷின் தேவை என்றும் தெரியாது. வேலையை விடும் எண்ணம் இருந்தால் அந்த இரண்டு லட்சம் உங்கள் வீட்டுச் செலவுக்கு எத்தனை மாதம் வரும் என்பதைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஏற்கெனவே தொழிலாகப் பதிவு செய்து கணக்கு காட்டுபவர் என்றால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம், அக்டோபர் முதல் வாரத்துக்கு மேல் வாங்கினால் அந்த ஆண்டுக்குப் பாதிதான் கிடைக்கும்.

லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, எஸ்எஸ்டிக்கு இடம் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். அடுத்த வாரம் நோட்டு. அதில் வந்த மணிக்கணக்கையும், எந்த இன்ஜின், எந்த கார்டு என்பதையும் இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள், எந்த பாகத்தில் பணம் போடுவது என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.