ஊசி நிறுத்தப்பட்ட மாதத்தில் மிஞ்சிய பணம் யாருடையது?

கேள்வி: நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயன் பக்கம் வசிக்கிறோம். 49 வயதான என் கணவருக்கு உள்ளங்காலில் இருந்த கறுத்த புண் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டது. சத்திர சிகிச்சைக்குப் பின்னர், கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் நான்கு கிழமைக்கு ஒரு தடவை நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்புச் சிகிச்சை ஊசி ஏற்றி வந்தோம். ஓராண்டுக்கு 13 ஊசி என்று சொன்னார்கள். ஓர் ஊசிக்கு ஏறக்குறைய 7 இலட்சம் ரூபா; கனடாவில் இருக்கும் என் அண்ணன்மார் இருவரும் அனுப்புகிறார்கள். ஐந்தாவது ஊசிக்குப் பின் அவருக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. வாகனக் கூலியை நினைத்து ஒன்பது நாள் எனக்குச் சொல்லவில்லை. பின்னர் வைத்தியசாலையில் மறிக்க வேண்டி வந்தது. ஊசியையும் நிறுத்தி வைத்தார்கள். அந்த நேரம் அடுத்த இரண்டு ஊசிக்கான 14 இலட்சம் வந்து சும்மா கிடந்தது. தன் மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று மச்சாள் (கணவரின் தமக்கை) கேட்டபோது 10 இலட்சம் கொடுத்தேன். மிச்சம் காலபோக நெற்செய்கைச் செலவுக்குப் போய்விட்டது. இப்போது தைரொயிட் சுரப்பும் குறைந்துவிட்டது என்கிறார்கள். மருத்துவச் செலவுக்காக மூன்று நுண்கடன் நிறுவனங்களில் தலா 150,000 ரூபா எடுத்தேன்; ஒவ்வொன்றுக்கும் கிழமைக்கு 3,500 ரூபா, 52 கிழமை. இருபது கிழமை கட்டியாயிற்று. நகை அரச வங்கியில் அடகில் இருக்கிறது. தையலிலும் பாலிலும் மாதம் 60,000 ரூபா வருகிறது. அண்ணன்மாருக்கு இவை எதுவும் தெரியாது. ஊசி நின்றதால் நோய் திரும்பிவிடும் என்றும் பயமாக இருக்கிறது. இரண்டு ஏக்கர் வயலை விற்றுக் கடனை அடைத்து, மிகுதியை மாதம் 8 வீதம் தரும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் போட்டால் ஊசிச் செலவுக்கு வழி பிறக்குமா?

பதில்: அன்புள்ள சகோதரி, வயலையும் செயலியையும் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் "சும்மா கிடந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடன் முழுவதும் அந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கிறது. அந்தப் பணம் ஒரு நாளும் சும்மா கிடக்கவில்லை. ஊசி போடும் மாதத்தில் செலவு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும். பக்கவிளைவினால் ஊசி நிறுத்தப்படும் மாதத்தில்தான் எவ்வளவு வேண்டியிருக்கும் என்று எவராலும் அறுதியாகச் சொல்ல முடியாது. மழை பிந்துகிறது என்பதற்காக விதைநெல்லைக் குற்றிக் கொடுக்காத ஊரில் இருந்துகொண்டு நீங்கள் செய்தது அதைத்தான்.

கணக்கு விளங்க வேண்டுமானால் இந்த மருந்தின் போக்கைச் சற்றுச் சொல்ல வேண்டும். இது புற்றுநோய்க் கலங்களை நேரே கொல்லும் மருந்து அன்று. உடலின் எதிர்ப்புக் கலங்களுக்கு இயல்பாக உள்ள தடையை நீக்கி, அவை புற்றுநோயைத் தாக்கும்படி விடுகிறது. தடை நீங்கிய கலங்கள் சில வேளைகளில் குடல், தைரொயிட், ஈரல், நுரையீரல், மூளையடிச் சுரப்பி போன்ற நல்ல உறுப்புகளையும் தாக்கிவிடுகின்றன. அவ்வாறு நேரும்போது ஊசியை நிறுத்தி, அழற்சியை அடக்கும் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டெரொயிட் மருந்தைக் கொடுத்து, அதை நான்கு முதல் ஆறு கிழமை அல்லது அதற்கும் கூடிய காலத்தில் படிப்படியாகக் குறைப்பதே வழக்கம். குறைக்கும்போது வயிற்றோட்டம் திரும்பவும் தலைகாட்டலாம். ஸ்டெரொயிட்டினால் சீனி ஏறலாம். ஆகவே இரத்தப் பரிசோதனையும் வைத்தியசாலைப் பயணமும் தொடர்ந்து இருக்கும். ஸ்டெரொயிட்டுக்கும் குடல் அழற்சி அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற வேறு மருந்து ஏற்ற வேண்டி வரும். அந்த நிலையில் செலவு இலட்சக்கணக்கில் பேசப்படும். கடைசி ஊசிக்குப் பல மாதங்களின் பின்னரும் புதிய பக்கவிளைவு தோன்றுவதுண்டு. ஊசி தற்காலிகமாக நின்றிருந்தால் அது திரும்பத் தொடங்கும்போது அந்தப் பணம் தேவை. நிரந்தரமாக நின்றிருந்தாலும் பக்கவிளைவைப் பார்க்க அதில் ஒரு பகுதி தேவை. எப்படிப் பார்த்தாலும் மச்சாளின் மகனுடைய பயணத்துக்கு அதில் இடம் இருக்கவில்லை.

உங்கள் கணவர் ஒன்பது நாள் சொல்லாமல் இருந்ததை அவருடைய பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். ஒரு வாகனத்தைப் பிடித்தால் எவ்வளவு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அதற்கென்று ஒதுக்கிய காசு எங்கும் இருக்கவில்லை. ஓரிரு நாளில் சொல்லியிருந்தால் ஒருவேளை மாத்திரையோடும் ஒரு கிளினிக் பயணத்தோடும் முடிந்திருக்கக்கூடியது, ஒன்பது நாள் சென்றதால் வைத்தியசாலை அனுமதி, நாளத்தில் ஏற்றும் மருந்து, துணைக்கு நிற்பவரின் செலவு, நீங்கள் இழந்த தையல் கூலி என்று நீண்டுவிட்டது. பயணக் கூலியை மிச்சம் பிடிக்கப்போய் நீங்கள் 450,000 ரூபாக் கடனுக்குள் இறங்கியிருக்கிறீர்கள். வயிற்றோட்டம் மட்டுமன்று, மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, கண்கள் மஞ்சளாதல், தாங்க முடியாத தலையிடி, எழும்ப இயலாத களைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே சொல்ல வேண்டியது. ஸ்டெரொயிட் மாத்திரையை, தீர்ந்துவிட்டது என்பதற்காகவோ சுகமாக இருக்கிறது என்பதற்காகவோ இடையில் தாமாக நிறுத்துவதும் ஆபத்தானது.

இனி அந்தக் கிழமைக் கடன்கள். மூன்றுக்கும் சேர்த்துக் கிழமைக்கு 10,500. மாதத்துக்கு ஏறக்குறைய 45,500. உங்கள் 60,000 இல் மிஞ்சுவது 14,500, அதாவது நாளுக்கு 500 ரூபாவுக்கும் குறைவு. ஒவ்வொரு 150,000 க்கும் நீங்கள் திருப்பிக் கட்டுவது 182,000. வட்டி 32,000 என்பதால் 21 வீதம்தான் என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். ஆனால் கிழமைதோறும் முதலும் குறைந்துகொண்டு வருவதால், ஆண்டு முழுவதும் உங்கள் கையில் சராசரியாக இருந்தது பாதித் தொகைதான். உண்மை வட்டி 40 வீதத்துக்குக் கிட்ட. வடக்கில் இந்தக் கதை புதிதன்று. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் பெயரில் நிலுவையாகக் கிடந்த சிறிய நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது. அதற்குப் பின்னரும், ஒரு நிறுவனத்தின் தவணைக்கு இன்னொரு நிறுவனத்தில் எடுப்பதை ஒரு வழி என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை குறைந்துவிடுகிறது. நான்காவது கடன் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அரச வங்கியில் இருக்கும் நகையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அடகு வட்டி இந்தக் கிழமைக் கடனின் வட்டியில் பாதியும் வராது. தவணைக்கு வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொண்டு வந்தால் போதும்.

அண்ணன்மாருக்குச் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் வெட்கம் என்றே நினைக்கிறேன். கணக்கைப் பார்த்தால் அந்த வெட்கம் தேவையற்றது என்பது தெரியும். இன்னும் எட்டு ஊசி பாக்கி. எட்டு ஏழு 56 இலட்சம்; அதில் 14 இலட்சம் ஏற்கெனவே வந்துவிட்டது. வைத்தியர் ஊசியை நிரந்தரமாக நிறுத்தினால் மீதி 42 இலட்சமும் அவர்கள் தோளிலிருந்து இறங்குகிறது. அதில் 5 இலட்சத்தைப் பக்கவிளைவுச் செலவுக்கென்று கேட்பது புதிய உதவி கேட்பதாகாது. ஊசி திரும்பத் தொடங்கினாலும், ஒவ்வொரு 7 இலட்சத்தோடும் மேலதிகமாக 40,000 அனுப்பும்படி கேட்டு, அதை உங்கள் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். மச்சாளுக்குக் கொடுத்த 10 இலட்சத்தையும் இதே அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்கள் அதை மச்சாள் வீட்டார் வாயால் கேட்டால் அடுத்த தவணை வருவதே ஐயம்.

மச்சாளிடம் பேசுவது உங்களைவிட உங்கள் கணவருக்கே எளிது. அவருடைய சொந்தத் தமக்கை, பணமும் அவருடைய உடம்புக்காக வந்த பணம். முகவர் கைக்கு முழுத் தொகையும் போய்விட்டதா, முற்பணம் மட்டும் போயிருக்கிறதா என்பதை முதலில் அறியுங்கள். மீதி அவர்கள் கையில் இருந்தால் அதை இந்த மாதமே கேட்டு வாங்குங்கள். போனதற்கு, எந்த மாதத்திலிருந்து எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். "தம்பி போய்ச் சேர்ந்து உழைத்தவுடன்" என்பது தவணைத் திகதி ஆகாது.

ஊசி நின்றால் நோய் திரும்பிவிடும் என்ற பயத்தினால் கடன்பட்டு வேறோர் இடத்தில் ஊசி ஏற்றும் எண்ணம் இருந்தால், அதைக் கைவிடுங்கள். பக்கவிளைவினால் இடையில் நிறுத்தியவர்களுக்கும் மருந்தின் பயன் தொடர்ந்து கிடைத்ததையே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடல் ஆறாத நிலையில் ஏற்றும் ஊசிதான் அபாயமானது. திரும்பத் தொடங்குவதா இல்லையா என்பதைச் சிகிச்சையளிக்கும் புற்றுநோய் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். தைரொயிட்டைப் பற்றிய கவலையும் பணத்தளவில் சிறியது. பெரும்பாலும் தைரொக்சின் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அது விலை குறைந்த மாத்திரை, அரச கிளினிக்கில் இலவசமாகவும் கிடைக்கும்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் கொழும்புக்கு வாகனம் பிடிக்கிறீர்கள் என்றால் அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஊசியைக் கொழும்பில் ஏற்றினாலும் தைரொயிட், ஈரல், சீனிப் பரிசோதனைகளையும் ஸ்டெரொயிட்டைக் குறைக்கும் கண்காணிப்பையும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவிலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தொடர முடியுமா என்று வைத்தியரிடம் கேட்டு, மருந்தின் பெயரும் கடைசி ஊசியின் திகதியும் எழுதிய கடிதமொன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஓட நேர்ந்தால் முதலில் நீட்ட வேண்டியதும் அந்தக் கடிதம்தான். நோயெதிர்ப்புச் சிகிச்சையினால் வந்த வயிற்றோட்டத்தைச் சாதாரண வயிற்றோட்டம் என்று பார்த்து அனுப்பிவிட்டால் மேலும் சில நாள் வீணாகும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு இப்போது பிரதேச செயலகம் ஊடாகவே விண்ணப்பிக்கலாம். அடுத்த செலவு வருமுன் போய் விசாரியுங்கள்.

செயலியைப் பற்றி இரண்டு வரி போதும். வங்கியின் நிலையான வைப்பு ஏறக்குறைய ஓராண்டு முழுவதற்கும் தரும் வட்டியை ஒரே மாதத்தில் தருவதாக ஒருவர் சொன்னால், 100,000 ரூபா ஓராண்டில் 250,000 ஆகும் என்று சொல்கிறார். அவர் ஏன் உங்கள் வயற்காசைத் தேடி அக்கராயனுக்கு வருகிறார்? புதியவர்களைச் சேர்த்துப் பழையவர்களுக்குக் கொடுக்கும் பிரமிட் திட்டங்கள் 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் கீழ்த் தடைசெய்யப்பட்டவை.

வயலை விற்க வேண்டாம். கடனுக்காக விற்கிறீர்கள் என்று தெரிந்தாலே விலை இறங்கிவிடும். கணவர் தேறும் வரை குத்தகைக்குக் கொடுங்கள். அப்போது அடுத்த விதைப்புக்குக் கடன் வாங்கும் தேவையும் இராது. காலபோக நெல் விற்ற காசு வந்ததும் அதை மூன்று கடனுக்கும் பிரித்துக் கொடுக்காமல் ஒன்றை முழுதாக மூடுங்கள். மீதமுள்ள 32 கிழமைக்கு 112,000 ரூபா வரும். முற்கூட்டிக் கட்டுவதால் வரவேண்டிய வட்டியில் கழிவு கேட்டு, கடன் முடிந்தது என்ற கடிதத்தை அங்கேயே வாங்குங்கள். ஒன்றை மூடியதும் மாதம் 15,000 ரூபா உங்கள் கையில் நிற்கும்; அதில் முதல் மூன்று மாதத்துப் பணத்தை அடுத்த கடனுக்குக் கட்டாமல், வைத்தியசாலைப் பயணத்துக்கென்று அந்தத் தனிக் கணக்கில் போடுங்கள்.